சின்னக் கைகள் வரைந்த புனிதர்கள்

பாடசாலை வரலாறு எழுதப் புகுவோர் அதிபர்களின் பெயர்களையும், கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளையும், பரீட்சைப் பெறுபேறுகளையும், போட்டிகளில் வென்ற கேடயங்களையும் வரிசைப்படுத்துவது வழக்கம். எமது சங்கத்தின் இந்த நூற்றாண்டு மலரிலும் அவை உரிய இடங்களில் இடம்பெற்றுள்ளன. இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது அவற்றுள் அடங்காத ஒரு சிறிய விடயம். அரிவரியிலும் பாலர் வகுப்புகளிலும் இருந்த சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் புனிதர்களின் வரலாறு எவ்வாறு புகட்டப்பட்டது, சித்திரமும் கைவேலையும் அதில் எத்தகைய பங்கை வகித்தன என்பதே அது.

சிறிய விடயம் என்றோம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்குச் சின்னக்குறிப்பிடத்தின் கேள்வி பதில்கள் இன்று வரிசையாக நினைவில் உள்ளன? அதேவேளை, அந்தோனியார் கையில் யார் இருப்பார், இராயப்பர் கையில் என்ன தொங்கும் என்று கேட்டால், கடல் கடந்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவரும் உடனே சொல்லிவிடுவார். மனனம் செய்தது மறந்து போயிற்று. கையால் வரைந்தது நின்றுவிட்டது. இது எப்படி நிகழ்ந்தது என்பதை ஆராயும்போது, எமது பாடசாலையின் நூறாண்டு வரலாற்றில் மற்றெங்கும் தெரியாத ஒரு மாற்றமும் தெரிகின்றது. தொடக்கத்தில் புனிதர்கள் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்கப்பட்ட படங்களாக இருந்தார்கள். காலப்போக்கில் பிள்ளைகளின் கைகளே வரைந்த படங்களானார்கள்.

படமாக வந்த புனிதர்கள்

1820ஆம் ஆண்டு பிரான்சின் போர்தோ நகரில் பியேர் பியன்வெனு நோவாய் அடிகளார் தொடங்கிய திருக்குடும்பக் கன்னியர் சபையினர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தனர். அவர்களுக்கு முன்னரே, 1847இல், அமலமரித் தியாகிகள் இலங்கைக்கு வந்து பணி தொடங்கியிருந்தனர். வடக்கில் கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளின் கல்வி இக்கன்னியரின் வருகையோடு புதிய வடிவம் பெற்றது. எமது பாடசாலையும் அந்த மரபில் கிளைத்ததே.

வந்த கன்னியரோடு ஐரோப்பியத் திருப்படங்களும் வந்தன. பாரிஸ் நகரின் சென் சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அக்காலத்தில் சுரூபங்களும் திருப்படங்களும் விற்கும் கடைகள் நிறைந்திருந்தன. உலகெங்கும் இருந்த மறைப்பணித் தளங்களுக்கு அங்கிருந்து பெட்டி பெட்டியாக இவை சென்றன. உள்ளங்கை அளவான தாள். ஓரத்திலே சரிகை பின்னியது போன்ற துளை வேலை. நடுவிலே நிறம் பூசிய ஒரு புனிதர். செபத்தைப் பிழையின்றிச் சொன்ன பிள்ளைக்கு மதர் தரும் பரிசு அதுவே. நமது பாட்டிமாரின் செபப் புத்தகங்களுக்குள்ளும் தகரப் பெட்டிகளுக்குள்ளும் இருந்த படங்கள் பலவும் அப்படிக் கிடைத்தவைதான்.

அந்தப் படத்தைப் பிள்ளை என்ன செய்யலாம்? பார்க்கலாம், முத்தி செய்யலாம், பத்திரப்படுத்தலாம். அதற்குமேல் எதுவும் இல்லை. சிவந்த கன்னமும் நீலக் கண்ணும் கொண்ட புனிதர்கள் லீலி மலர்களுக்கு நடுவே நின்றார்கள். அந்த மலரை நம் பிள்ளைகள் எந்த வேலியிலும் கண்டதில்லை. புனிதர் என்றால் எட்டாத் தொலைவில், வேறொரு நாட்டில், வேறொரு நிறத்தில் இருப்பவர் என்ற எண்ணம் சொல்லாமலே பதிந்தது. மதர்மார் அவ்வாறு கற்பிக்க எண்ணினார்கள் என்று சொல்வது நியாயமன்று. தங்களிடம் இருந்ததை, தாங்கள் சிறு வயதில் விரும்பியதை, அன்போடு கொடுத்தார்கள்.

ஏழு வயதுப் பிள்ளையும் புனிதர் கதையும்

1910 ஓகஸ்ட் 8ஆம் திகதி பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் ஒரு முக்கியமான முடிவை அறிவித்தார். அதுவரை பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதின் பின்னரே முதல் நன்மை வாங்குவது வழக்கமாயிருந்தது. புத்தி விபரம் தெரியும் வயதில், ஏறத்தாழ ஏழு வயதில், பிள்ளைகள் நற்கருணை வாங்கலாம் என்றார் அவர். இது ஆலயத்துக்குள் மட்டும் நிகழ்ந்த மாற்றம் அன்று, வகுப்பறையையும் மாற்றியது. சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை ஆயத்தம் செய்யவேண்டிய பொறுப்பு பாலர் வகுப்பு ஆசிரியைகளுக்கு வந்து சேர்ந்தது.

சின்னக்குறிப்பிடத்தைக் காதால் கேட்டு ஒரே குரலில் ஒப்புவிக்கலாம். புனிதர்களை அப்படிப் படிப்பிக்க முடியாது, கதையாகவே சொல்லவேண்டும். கதை சொன்னபின் அது பிள்ளையின் மனதில் தங்கியதா என்று எப்படி அறிவது? சிலேட்டையும் வெண்கட்டியையும் கையில் கொடுத்து வரையச் சொல்வதே வழி. எமது மூத்த பழைய மாணவிகள் சொல்லக் கேட்டவற்றில் அடிக்கடி வருவது ஒரு கேள்வி: "இவர் கையில என்ன வைச்சிருக்கிறார் பிள்ளையள்?"

இக்கேள்விக்குப் பின்னால் மிகப் பழைய மரபு ஒன்று உண்டு. ஏறத்தாழ கி.பி. 600இல், ஆலயத்திலிருந்த படங்களை உடைத்த மார்செய் நகரத்து ஆயருக்குப் பாப்பரசர் பெரிய கிரகோரியார் கடிதம் எழுதி, எழுத்தறியாதோர் படங்களின் வாயிலாகவே படிக்கின்றனர் என்று உணர்த்தினார். எழுத்தறியாதோர் படிப்பதற்காகவே ஒவ்வொரு புனிதருக்கும் ஓர் அடையாளம் ஏற்பட்டது. இராயப்பருக்குத் திறவுகோல், சின்னப்பருக்கு வாள், யாகப்பருக்குச் சிப்பி, ஆக்னேசம்மாளுக்கு ஆட்டுக்குட்டி, அலெக்சாந்திரியா கத்தரீனம்மாளுக்குச் சில்லு, செபஸ்தியாருக்கு அம்பு. ஐரோப்பாவின் எழுத்தறியாத விவசாயிக்காக வகுத்த வழி, அரிவரிப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தியது. முழு மனித உருவத்தை வரைய ஐந்து வயதுக் கை தடுமாறும். ஒரு திறவுகோலை வரைந்துவிடும். திறவுகோலை வரைந்த பிள்ளையிடம், "இது எந்தக் கதவைத் திறக்கும்?" என்று கேட்டால் அங்கிருந்து பாடம் தொடங்கிவிடும்.

அடையாளங்களைத் தெரிவு செய்வதிலும் ஒரு விவேகம் வேண்டியிருந்தது. மறைசாட்சிகளின் அடையாளங்கள் பல அவர்கள் பட்ட வேதனையின் கருவிகளே. லூசியம்மாளைத் தட்டில் ஏந்திய இரு கண்களோடு வரைவது பழைய ஓவிய மரபு. அதைப் பாலர் வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் இரவில் நித்திரை கொள்ளமாட்டார்கள். லூசியா என்ற பெயர் ஒளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆதலால் டிசெம்பர் 13ஆம் திகதி வரும் அவரது திருநாளுக்குப் பிள்ளைகள் விளக்கு வரைந்தார்கள். லோறன்சியாரின் இரும்புக் கட்டிலை விடுத்து, ஏழைகளே திருச்சபையின் செல்வம் என்று அவர் காட்டிய கதையை வரைந்தார்கள். பயமுறுத்தாமல் உண்மையைச் சொல்ல ஆசிரியைகள் கண்ட வழிகள் இவை.

ரோசாவும் செவ்வரத்தையும்

எமது சங்கம் உருவான காலத்தோடு ஒட்டி, 1925 மே 17ஆம் திகதி, லிசியே நகரத்துத் தெரேசம்மாள் புனிதையாக உயர்த்தப்பட்டார். 1897இல், தமது இருபத்துநான்காவது வயதில் இறந்தவர். புதுமைகளாலோ இரத்தம் சிந்தியோ அன்றி, சின்னச் சின்னக் கடமைகளை அன்போடு செய்து புனிதையானவர் என்பதால், பெண்பிள்ளைகளின் பாடசாலைகளில் அவருக்குத் தனி இடம் கிடைத்தது. சிறுமலர் என்ற பெயரும் பிள்ளைகளுக்கு இனித்தது.

தெரேசம்மாளின் அடையாளம் ரோசா மலர். எல்லா வீட்டிலும் ரோசா இல்லை. செவ்வரத்தை இல்லாத வீடோ இல்லை. ஆகவே பிள்ளைகளின் சிலேட்டிலும் பின்னர் சித்திரக் கொப்பியிலும் தெரேசம்மாள் கை நிறையச் செவ்வரத்தம் பூக்களோடு நின்றார். சூசையப்பரின் கோலில் லீலி பூக்கவேண்டிய இடத்தில் தாமரை பூத்தது. அசிசி பிரான்சிஸ்குவைச் சுற்றி ஐரோப்பியப் பறவைகளுக்குப் பதிலாகக் காகமும் கொக்கும் செண்பகமும் நின்றன, பின்னணியிலே பனைமரம். இவற்றை அழித்துத் திருத்தி வரையச் சொன்ன ஆசிரியைகளும் இருந்தார்கள். அப்படியே விட்ட ஆசிரியைகளும் இருந்தார்கள். விட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். அந்த இடத்தில்தான் புனிதர் எமது வேலிக்குள் காலடி வைத்தார்.

புனிதர்களைக் கையால் செய்து கற்பிக்கும் வழக்கத்துக்கு ஒரு புனிதரே வழிகாட்டியிருக்கிறார். 1223ஆம் ஆண்டு நத்தாருக்கு, இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில், வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து இயேசு பிறந்த காட்சியை அசிசி பிரான்சிஸ்கு அமைத்தார். இன்று நாம் கட்டும் பாலன் குடிலின் முன்னோடி அதுவே. ஏட்டில் உள்ளதைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் வேண்டும் என்று அவர் விரும்பினார். களிமண்ணில் ஆட்டுக்குட்டி உருட்டிய நமது பாலர் வகுப்பும் அந்த வழியில் வந்ததுதான்.

எமது மண் தந்த பொருட்களும் கொஞ்சமல்ல. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னி மிஞ்சிய ஓலையில் பிள்ளைகள் பிரான்சிஸ்குவின் பறவைகளைப் பின்னினார்கள். கரையோரத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த சிப்பியும் சோகியும் யாகப்பரின் மேலங்கியில் ஒட்டப்பட்டன. மஞ்சாடி விதையில் செபமாலை கோக்கப்பட்டது. "சூப்பின பனங்கொட்டை மாதிரித் தலை" என்று வீட்டில் பேச்சு வாங்குவோமே, அந்தப் பனங்கொட்டையே கழுவிக் காயவைத்தபின் வனாந்தரத்தில் வாழ்ந்த ஸ்நாபக அருளப்பரின் தலையும் தாடியும் ஆயிற்று. பெருநாட்களில் ஊர்க் கூத்துக்காரர் கட்டிய முடியையும் புயக்கட்டையையும் பார்த்த பிள்ளைகள் மட்டையிலும் மினுக்கத் தாளிலும் தாங்களே முடி செய்தார்கள். எஸ்தாக்கியார் நாடகத்தை விடிய விடியப் பார்த்த பிள்ளைக்கு, எஸ்தாக்கியார் யாரென்று எவரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

ஊர்ப் படம் வரைதலும் ஒரு பாடமாயிற்று. பெரிய தாளில் குடாநாட்டைக் கீறி, ஒவ்வொருத்தியும் தன் ஊர் ஆலயத்தின் புனிதரை உரிய இடத்தில் வரையவேண்டும். குருநகரில் யாகப்பர், பாசையூரில் அந்தோனியார், நாவாந்துறையில் நீக்கிலார், இளவாலையில் அன்னம்மாள், நவாலியில் இராயப்பர். அன்னம்மாள் தம் மகள் மரியாளுக்குப் புத்தகம் படிப்பிப்பதாக வரைவது பழைய மரபு. தாய் மகளுக்கு எழுத்தறிவிக்கும் அந்தப் படத்தைவிடப் பெண்பிள்ளைகளின் பாடசாலைக்குப் பொருத்தமான படம் வேறு எது?

ஒரே பாயில் இருந்தவர்கள்

எமது பழைய மாணவிகளில் சைவப் பிள்ளைகளாக இருந்தோர் பலர். ஞானோபதேச நேரத்தில் அவர்கள் வேறு வகுப்புக்குச் செல்வார்கள். சித்திர நேரத்தில் எல்லோரும் ஒரே பாயில்தான். பக்கத்தில் இருப்பவள் ஆட்டுக்குட்டி வரைந்தால் இவளும் ஆட்டுக்குட்டி வரைவாள். மார்கழியில் வாசலில் கோலம் போட்டுப் பழகிய விரல்கள், புனிதரின் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தைக் கவராயம் இல்லாமலே வட்டமாகக் கீறின. "அம்மன் படத்திலயும் இப்பிடித்தான் வெளிச்சம் இருக்கும்" என்று சொன்னவர்களும் அவர்களே. அந்தப் பிள்ளைகளை மதம் மாற்றும் கருவியாகச் சித்திரம் இருந்ததா என்ற கேள்வியை நாம் தவிர்க்க விரும்பவில்லை. கன்னியர் மடப் பாடசாலைகள்மீது அந்தச் சந்தேகம் நீண்டகாலம் இருந்ததுண்டு. எமது சைவச் சகோதரிகள் இன்று சொல்வதைக் கேட்டால், அந்தோனியாரைத் தெரிந்துகொண்டதால் தங்கள் பிள்ளையார் தொலைந்து போகவில்லை என்கிறார்கள். அயல்வீட்டாரின் பெரியவர்களை அறிந்து மதிப்பதும் கல்விதான் என்பதில் நாம் எல்லோரும் உடன்படுகின்றோம்.

மாறிய காலம், மாறிய பெயர்கள்

1944ஆம் ஆண்டு மரியா மொன்ரிசோரி அம்மையார் இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். முன்பள்ளி எதையும் "மொன்ரிசோரி" என்று அழைக்கும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது. பிள்ளை கையால் தொட்டுக் கற்கவேண்டும் என்ற அவரது கொள்கை பலருக்கும் தெரியும். சமயக் கல்வி குறித்தும் அவர் ஆழ்ந்து சிந்தித்து எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவரது வழியைப் பின்பற்றி, 1954இல் உரோமையில் சோபியா கவலெற்றி என்ற விவிலிய அறிஞர், ஜியான்னா கோபி என்ற மொன்ரிசோரி ஆசிரியையோடு சேர்ந்து சிறுவர் மறைக்கல்வி முறையொன்றை உருவாக்கினார். சிறிய மரப்பொம்மைகளால் நல்லாயன் உவமையைச் சொல்லியபின், பிள்ளைக்குத் தாளும் வர்ணமும் கொடுத்து ஒதுங்கிவிடவேண்டும். பார்த்து வரைய மாதிரிப் படம் தரக்கூடாது என்பது அம்முறையின் விதிகளில் ஒன்று. பிள்ளை வரைவது ஆசிரியைக்குச் சொல்லும் விடையன்று. கேட்ட கதையோடு பிள்ளை நடத்தும் உரையாடல் என்று அவர்கள் கருதினார்கள். செவ்வரத்தையை அழிக்காமல் விட்ட எமது ஆசிரியைகள் இந்த நூல்களைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அதே இடத்துக்கு வேறு பாதையால் வந்து சேர்ந்திருந்தார்கள்.

1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் பொறுப்புக்குச் சென்றன. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றவை சிலவே. புனிதர் கதைகளின் பெரும்பகுதி ஞாயிறு மறைப்பள்ளிக்கு நகர்ந்தது. அடுத்து, 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாக வழிபாடு தமிழுக்கு வந்தது. புனிதர் நாட்காட்டியும் திருத்தப்பட்டது. பிலோமினம்மாளின் திருநாள் 1961இல் நாட்காட்டிகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1969இன் திருத்தத்தில் கிறிஸ்தோபரின் திருநாள் உலகப் பொது நாட்காட்டியில் இடம்பெறவில்லை. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்தோபரை ஆசையோடு வரைந்த பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? இது வரலாறு, இது பக்திக் கதை என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் இக்காலத்தில்தான் மறைக்கல்விக்கு வந்தது. ஒரு கதையின் வழியாக நற்பண்பைக் கற்கலாம். ஆனால் கதையைச் சரித்திரம் என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்ற நேர்மை அது.

பெயர்களும் மாறின. எமது பாட்டிமாரின் "அர்ச்சியசிஷ்டர்" நமக்குப் "புனிதர்" ஆனார். இராயப்பர் பேதுரு ஆனார். சின்னப்பர் பவுல் ஆனார். அருளப்பர் யோவான் ஆனார். யாகப்பர் யாக்கோபு ஆனார். பேத்தி படிக்கும் பெயர் பாட்டிக்குத் தெரியாது. பாட்டி சொல்லும் பெயரைப் பேத்தி கேட்டறியாள். ஆனால் திறவுகோலை வரைந்து காட்டினால் இருவரும் ஒரே ஆளைத்தான் சொல்வார்கள். எழுத்து மாறிய இடத்திலும் கையிலிருந்த அடையாளம் மாறாமல் நின்றது.

தாளில்லாத காலம்

1990 முதல் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறையினர் நம்மில் உள்ளனர். கொப்பியும் வர்ணப் பென்சிலும் அரும்பொருட்களாயின. பழைய நாட்காட்டியின் பின்பக்கமும், சவர்க்காரப் பெட்டியின் உட்பக்கமும் சித்திரத் தாள்களாயின. அடுப்புக் கரி கறுப்பு. மஞ்சள் தூள் மஞ்சள். செவ்வரத்தம் பூவைக் கசக்கினால் ஊதா. ஒளிவட்டத்துக்கு மஞ்சள் பூசிய தாள்களில் சில நாட்களுக்குக் குசினி மணம் இருந்தது.

அக்காலப் பிள்ளைகள் வரைந்த புனிதர்கள் முன்னர் வரையப்பட்டவர்களைப் போல இருக்கவில்லை. ஆலயத்தின் பக்கத்தில் பங்கர் இருந்தது. வானத்தில் விமானம் இருந்தது. புனிதர் பங்கர் வாசலில் நின்றார். காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார் என்று அதுவரை பென்சிலுக்கும் காசுக்கும் அவரிடம் நேர்ந்த பிள்ளைகள், வீட்டுக்குத் திரும்பி வராத தகப்பனையும் அண்ணனையும் அவரது படத்தின் கீழ் வரைந்தார்கள். எந்த மறைக்கல்வி நூலும் அதற்கான விளக்கத்தை ஆசிரியைகளுக்குத் தந்திருக்கவில்லை. படத்தை வாங்கி, பெயரைக் கேட்டு, பிள்ளையோடு சேர்ந்து ஒரு அருள்நிறை மரியே சொல்வதே அவர்களால் முடிந்தது. அதுவே போதுமானதாகவும் இருந்தது என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு தாள் கிடைத்தது.

1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊர்ப் படத்தில் திறவுகோலோடு நின்ற புனிதரின் ஊர் அது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீதியில் இறங்கினர். எதை எடுப்பது, எதை விடுவது? அடையாள அட்டை, காணி உறுதி, நகை, ஒரு வேளைச் சோறு. பிள்ளையின் சித்திரக் கொப்பியை எடுத்துச் சென்றவர் எத்தனை பேர்? எமது பாடசாலையின் பழைய புகைப்படங்களிலும் பதிவேடுகளிலும் ஓரளவு எஞ்சியுள்ளன. பாலர் வகுப்புப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வரைந்த படங்களில், இம்மலருக்காகத் தேடியபோது, ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. இக்கட்டுரையுடன் படம் எதுவும் இல்லாமைக்குக் காரணம் அதுவே.

எமது மண்ணில் நடந்த புனிதர்

2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், யோசேவாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். இருபது ஆண்டுகளுக்கு முன், 1995 ஜனவரி 21ஆம் திகதி, அதே திடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்திருந்தார். கோவாவில் 1651இல் பிறந்த யோசேவாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். யார் கத்தோலிக்கர் என்று அறிய, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டவர். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார்கள். பின்னர் கண்டியில், பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆட்சியில், முதலில் சிறைப்பட்டார். பெரியம்மை பரவியபோது சாதி மதம் பாராமல் நோயாளரைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி அங்கேயே இறந்தார்.

பாலர் வகுப்புக்கு இதைவிட வரையத்தக்க வரலாறு உண்டா? தோணி, கந்தல் உடை, பிச்சைப் பாத்திரம், செபமாலை, கண்டி மலைகள். ஆனால் பிள்ளைகள் நிறம் தீட்டும்போது வந்த கேள்வி ஒன்று நம்மைச் சிந்திக்க வைத்தது. வர்ணப் பென்சில் பெட்டியில் இளஞ்சிவப்பாக ஒன்று உண்டு. பிள்ளைகள் அதனை "ஸ்கின் கலர்" என்பார்கள். தங்கள் தோல் அந்த நிறம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் புனிதர் என்றதும் கை அதைத்தான் தேடும். யோசேவாஸுக்கு எந்த நிறம்? அவர் நம்மைப் போன்றவர், வெயிலில் வெறுங்காலோடு நடந்தவர் என்று ஆசிரியை சொன்னதும், மண்ணிறப் பென்சிலை எடுத்தார்கள். பாரிசிலிருந்து சரிகை ஓரத்துப் படங்கள் வந்த நாளிலிருந்து இந்த மண்ணிறம் வரை எமது பாலர் வகுப்பு நடந்து வந்த தூரம் பெரிது. புனிதராக வாழ்வது தனக்கும் கூடும் என்று ஒரு பிள்ளை நம்புவதற்கு, புனிதர் தன் நிறத்திலும் இருக்கலாம் என்பதைக் கண்டுகொள்வது முதற்படியாகும்.

இனி

இன்று கைத்தொலைபேசியில் தேடினால் எந்தப் புனிதரின் கோட்டுப்படமும் உடனே கிடைக்கும். அச்செடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் கோட்டுக்குள் நிறம் தீட்டி முடித்துவிடுவார்கள். வேலை மிகுந்த ஆசிரியைக்கு அது உதவிதான், நாம் குறைசொல்லவில்லை. ஆயினும் முப்பது பிள்ளைகள் தீட்டிய முப்பது படங்களும் ஒன்றுபோல இருக்கும்போது, நாம் மீண்டும் கொடுக்கப்பட்ட படத்துக்கே திரும்புகின்றோம் என்ற கவலை எழுகின்றது. அச்சிட்ட கோட்டுக்குள் செவ்வரத்தை பூக்க இடமில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் சகோதரிகள் பலர், தமிழ் வாசிக்காத பிள்ளைக்கு எமது புனிதர்களை எப்படிச் சொல்வது என்று கேட்கின்றார்கள். எமது அரிவரி ஆசிரியைகளின் வழியையே அவர்களுக்குச் சொல்கின்றோம். பிள்ளையின் பெயர்கொண்ட புனிதரையோ உங்கள் ஊர் ஆலயத்தின் புனிதரையோ எடுத்துக்கொள்ளுங்கள். கதையை உங்கள் பேச்சுத் தமிழில் சுருக்கமாகச் சொல்லுங்கள். கையில் என்ன வைத்திருந்தார் என்று கேளுங்கள். வெறுந்தாளைக் கொடுங்கள், மாதிரி காட்டாதீர்கள். அசிசி பிரான்சிஸ்குவைச் சுற்றிப் பனியும் அணிலும் வந்தால் வரட்டும். அதுவும் அந்தப் பிள்ளையின் ஊர்தான். வரைந்து முடிந்ததும் மூலையில் பெயரையும் வயதையும் திகதியையும் எழுதி வையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பெட்டகங்களில், பழைய செபப் புத்தகங்களுக்குள், உங்கள் அம்மாவின் கடிதக் கட்டுகளுக்கு நடுவில் எமது பாலர் வகுப்புச் சித்திரமோ கைவேலையோ ஒன்று இருக்குமாயின், அதைப் புகைப்படமாகவேனும் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். இவ்வாண்டு நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர் பெருநாளுக்கு அரிவரிப் பிள்ளைகள் வரையும் படங்களைப் பெயரோடும் திகதியோடும் ஒரு பெட்டியில் இட்டுப் பாடசாலை நூலகத்தில் வைக்கவேண்டும் என்பது எமது விருப்பம். அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகின்றவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து, எமது பிள்ளைகள் புனிதர்களை எந்த நிறத்தில், எந்தப் பூவோடு, எந்த மரத்தடியில் கண்டார்கள் என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்து எழுதட்டும்.